முப்பத்தொன்றாம் அட்டை

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவதெல்லாம் உங்களுக்கு இயல்பாகத் தெரியும். கதையில் திருப்பம் கிடைக்கவில்லை என்றால் மற்ற எழுத்தாளர்கள் உட்கார்ந்து யோசிப்பார்கள். நான் கார் எடுத்துக்கொண்டு எழுமலை வரைக்கும் தேடிப் போனவன்.

மதுரையில் எனக்குச் சேலைக் கடை. சுங்குடிச் சேலை மடிப்பு குலையாமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைப்போம். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கம்தான் என்னைக் கெடுத்தது. வியாபாரம் மந்தமான மதிய நேரங்களில் அதில் சினிமாக் காட்சிகள் எழுத ஆரம்பித்தேன். ஓர் அட்டைக்கு ஒரு காட்சி. கடையின் பின்னறையில் கயிறு கட்டித் துணிக் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டேன். மொத்தம் அறுபது அட்டை. சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் என் மனைவி முதல் பாதியைத் தலையால் விலக்கிக்கொண்டு நுழைவாள். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். அதில் அவள் என் கலையைப் பற்றிச் சொன்னதை மொழிபெயர்க்காமல் விடுவது எல்லோருக்கும் நல்லது.

கதை இதுதான். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள் நான்கு பயல்கள், அழகர்கோவிலுக்குப் போகிறோம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, ஒருவனுடைய மாமாவின் குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் பக்கம் கடல் பார்க்கக் கிளம்புகிறார்கள். அழகர்கோவில் வடக்கே, கடல் தென்கிழக்கே. பொய்யே எதிர்த் திசையில் இருக்கிறதே என்று நானே ரசித்துச் சிரித்துக்கொண்டேன். ஒரு பொய், ஒரு வண்டி, ஒரு ரிப்பேர், ஒரு சண்டை, ஒரு சமாதானம், கடைசியில் கடல். சாலைப் பயணக் கதைக்கு எலும்புக்கூடு அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் நடுவில் இடைவேளை என்று ஒன்று இருக்கிறது. பாப்கார்ன் வாங்கப் போகிறவன் பாதி வழியில் நின்று, "இனி என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டும். அந்த இடம்தான் முப்பத்தொன்றாம் அட்டை.

ஒரு வியாழக்கிழமை அந்தக் கிளிப் மட்டும் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

அட்டை கீழே விழுந்திருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் பெண், நான் சொல்லிக் கொடுத்தபடியே எதையும் வீணாக்காமல், அதை எடுத்து ஒரு மஞ்சள் சேலைக்குள் செருகியிருக்கிறாள். அந்தச் சேலை விற்றுப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு தயாரிப்பாளருக்குக் கதை சொல்ல வேண்டும். தன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அவர் மதுரை வருகிறார். சாப்பிடும் நேரத்தில் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தார். பத்து வருடத்தில் ஒருவர் கேட்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அட்டையில் என்ன எழுதினேன் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மதியம் எழுதினேன், எழுதி முடித்ததும் தூங்கிவிட்டேன். என்ன எழுதினேன் என்பது நினைவில்லை. பிரமாதமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது.

வெள்ளிக்கிழமை கடைக்கு ஒரு ஃபோன். எழுமலையிலிருந்து ஒரு அக்கா.

"சேலைக்குள்ள ஒரு அட்டை இருந்துச்சு. என்னமோ எழுதியிருக்கு. அதான் கேப்போம்னு."

புத்தியுள்ளவன் என்றால் "வாசிங்கக்கா" என்றிருப்பான். இல்லையென்றால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருப்பான். எனக்கோ கதை திருடு போய்விடுமே என்ற பயம். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அக்கா, அத யார்ட்டயும் காட்டாதீங்க. பத்திரமா வைங்க. நாளைக்கு நானே நேர்ல வாரேன்."

"சரிங்க தம்பி," என்று மிக மரியாதையாக ஒரு பதில் வந்தது. அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

கார் என் நண்பனுடையது. மதுரைக்கு மேற்குப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரன். கார் கிளம்பியதும் அவனுக்குப் பாடம் எடுத்தேன்.

"சாலைப் பயணக் கதையில வழியில வாரவன் பூராம் யார்னே தெரியாதவனா இருக்கணும். தடை ஒவ்வொண்ணும் முன்னத விடப் பெருசா இருக்கணும்."

"சரி மாப்ள. நாகமலை புதுக்கோட்டைல எங்க சின்னம்மா வீடு இருக்கு. அஞ்சு நிமிசம் தலையக் காட்டிட்டுப் போயிருவோம்."

என் சொந்தபந்தம் முழுவதும் நான்கு தெருவுக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் எனக்கு எல்லோரும் அந்நியர்கள்தான். அவனுக்கோ தேனி ரோடு முழுக்க சித்தப்பன், மச்சினன், மாமன். நாகமலையில் டீயும் முறுக்கும். செக்கானூரணியில் மச்சினன் வீட்டில் இட்லியும் குடல் குழம்பும். உசிலம்பட்டியில் மாமன் வீட்டில் இலை போட்டுக் கறிச்சோறு. தடைகள் படிப்படியாகப் பெரிதாக வேண்டும் என்ற விதி அன்று என் வயிற்றில் நிறைவேறியது.

உசிலம்பட்டியைத் தாண்டியதும் நண்பனின் அம்மா ஃபோனில் வந்தார். ஸ்பீக்கரில் கேட்டது.

"ஏன்டா, நாகமலைல ஒரு முறுக்கு மட்டும் எடுத்தியாம்? அவ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. கூட வந்த தம்பி ரெண்டு இட்லியோட எந்திரிச்சிருச்சாமே, ஒடம்புக்கு முடியலையா?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, திரும்பவும் கதையின் அமைப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். மூக்குக்கு முன்னால் தொங்குவதைப் பார்க்காமலிருப்பது ஒரு திறமை. அது எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

எழுமலையில் அந்த அக்கா வீட்டு வாசலில் ஏழெட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த மஞ்சள் சேலையையே கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் என்னைத் தாண்டி எங்கள் காரின் டிக்கியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பொருளு பின்னால லோடு வண்டியில வருதாண்ணே?"

"எந்தப் பொருளு?"

உள்ளே கூட்டிப் போனார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளம். அதில் என் அட்டை, மஞ்சளும் குங்குமமும் வைத்து. எடுத்து வாசித்தேன்: '31. இடைவேளை. யாருமே எதிர்பார்க்காத மாபெரும் திருப்பம்! பார்ப்பவர் வாயடைத்துப் போவார்!'

அவ்வளவுதான். கீழே குங்குமத்தைத் துடைத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'யோசிக்க வேண்டும்.'

வாயடைத்துப் போனது நான். நண்பன் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான்.

"கடையில ஏதோ குலுக்கல் வச்சிருக்காகன்னு நெனச்சோம்," என்றார் அக்கா. "நீங்களும் யார்ட்டயும் காட்டாதீங்கன்னு சொன்னீகளா, சரி, விழுந்தது பெருசுதான்னு முடிவு பண்ணிட்டோம்."

உண்மையைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "நான் அப்பவே சொன்னேன்ல," என்றாள். வீட்டுக்காரர் டிக்கியை இன்னொரு முறை ஏக்கமாகப் பார்த்தார். அக்கா மட்டும் அசரவில்லை.

"பரிசு இல்லனா போகுது. இம்புட்டு தூரம் வந்துட்டீக. அந்தக் கதையவாச்சும் சொல்லிட்டுப் போங்க."

வாசலில் உட்கார்ந்து சொன்னேன். குட்டியானை மானாமதுரையைத் தாண்டி நின்றுபோகிறது. யார் தப்பு என்று பயல்களுக்குள் சண்டை. அந்த நேரம் பார்த்து ஒருத்தனுக்கு அம்மாவின் ஃபோன். "அழகர்கோவில்ல வரிசையில நிக்கிறேம்மா" என்கிறான். பின்னால் லாரி ஹாரன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"அவன் ஆத்தா அத நம்பிட்டாளாக்கும்?"

"நம்பிட்டாங்கக்கா."

"எந்த ஊருக்காரி அவ?"

"மதுரைதான்."

"மதுரைக்காரியா நம்புனா? ஏன் தம்பி, வண்டி தெருமுனை தாண்டுறதுக்குள்ள அவளுக்குச் சேதி வந்துராது? நாலு பேரு ஆத்தாளும் ஒரு ஆட்டோவப் புடிச்சு முன்னாலயே போயிருப்பாளுக. இந்தப் பயலுக வண்டியத் தள்ளிக்கிட்டு ஒரு டீக்கடைக்கு வாரானுகன்னு வைங்க. அங்க பெஞ்சில நாலு பேரும் உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருப்பாளுக."

"அதுல ஒருத்தி, 'வாங்கடா, சாமி கும்பிட்டாச்சா?'ன்னு கேக்கணும்," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

என் நண்பனின் அம்மா ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் ஸ்பீக்கரில் வந்து இதே காட்சியை நடித்துக் காட்டியிருந்தார். நான் அவனுக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அட்டையைத் திருப்பி, பழுப்புப் பக்கத்தில் குங்கும விரலோடு எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் நான்காவது தடை வந்துவிட்டது. அக்கா வீட்டில் நாட்டுக்கோழி.

அன்று திரும்பும்போது மூச்சு விட இடமில்லாத வயிறும் காற்றாகிவிட்ட மனசுமாக வந்தேன். வந்ததும் முதல் வேலையாக ஒரு நல்ல சேலையைப் பார்சல் கட்டி, பரிசு என்று எழுதி, எழுமலைக்கு அனுப்ப எடுத்து வைத்தேன். உள்ளே இருந்த அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்துப் பந்தியில் தயாரிப்பாளருக்குப் பக்கத்து இலை எனக்கு. சாம்பாரில் ஆரம்பித்தேன். பொய், வண்டி, ரிப்பேர், சண்டை. அவர் அப்பளத்தை நொறுக்குவதில் கவனமாக இருந்தார். ரசம் வருவதற்குள் இடைவேளை வந்தாக வேண்டும் என்று வேகம் பிடித்தேன். ரச வாளி எங்கள் இலைக்கு வந்த நேரம், டீக்கடை பெஞ்சில் நான்கு அம்மாக்களும் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

மனிதருக்குப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பரிமாறுகிறவரை நிறுத்தி, "கொஞ்சம் இருங்க" என்றார். அம்மாக்கள் எப்படிக் கிளம்பினார்கள், ஆட்டோ யாருடையது, வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரியாததையெல்லாம் எழுமலை வாசலில் கேட்ட குரலில் சொன்னேன். பாயசத்துக்கு அம்மாக்கள் கடலில் கால் நனைத்தார்கள். அதற்கு முன் அவர்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் சாதத்தோடு பந்தி முடிந்தது.

கை கழுவும் இடம் வரை பின்னாலேயே போனேன். அவர் துண்டில் கை துடைக்கும்வரை பொறுத்திருந்து, அறுபது அட்டையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டேன்.

"கதை எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாருக்கு, அந்த நாலு பயலுகளயும் தூக்கிருங்க."