கோலியர்ஸ் வுட்டிலிருந்து கட்டிய மதில்

என் அப்பா இந்தோனேசியாவில் ஒரு மதில் கட்டினார். அந்த நாட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில் இருந்துகொண்டே, வீடியோ அழைப்பில் அடி அடியாக அளக்கச் சொல்லிக் கட்டி முடித்தார். அப்போது எனக்குப் பத்து வயது. அந்த மதிலை இடிக்க வைத்தவளும் நான்தான் என்பதால், இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

மதில் எழும்பிய இடம் என் சித்தியின் வீட்டு வளவு. அம்மாவின் தங்கையான சித்தி மலேசியாவுக்குப் படிக்கப் போய், கூடப் படித்த இந்தோனேசியரைக் கல்யாணம் செய்து, அவருடைய ஊருக்கே போய்விட்டார். விமானம், கப்பல், பிறகு சின்ன வள்ளம் என்று மாறி மாறிப் போகவேண்டிய தீவு அது. கடற்கரையோரம் அவர்களுக்கு ஒரு வீடும், சுற்றுலாப் பயணிகள் தங்க இரண்டு அறைகளும் இருந்தன. அறைகள் இருந்தனவே தவிர, பயணிகளைக் காணவில்லை. அந்தக் கரை முழுவதையும் வாங்கிவிட ஒரு ஹோட்டல்காரர் அலைந்துகொண்டிருந்தார். வருகிற கோடையிலும் ஆட்கள் வராவிட்டால் காணியை அவருக்கே விற்றுவிட்டு நகரத்துக்குப் போவது என்று சித்தப்பா வீட்டார் முடிவெடுத்திருந்தார்கள். சித்திக்கு அந்த ஊரை விட மனமில்லை. அவர் அங்கே அழ, அம்மா இங்கே அழ, அப்பா காரணத்தை ஆராயத் தொடங்கினார்.

ஆராய்ந்து ஒரே நாளில் கண்டுபிடித்தும் விட்டார். வீட்டுக்கு மதில் இல்லை.

"மதில் இல்லாத வீட்டில ஆர் வந்து தங்குவினம்?" என்றார். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் அப்படித்தான். காணி வாங்கியதும் முதலில் எல்லையை அடைப்பார்கள், வீட்டைப் பற்றி ஆறுதலாக யோசிப்பார்கள்.

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற 'ஓம்'. மூத்தவர் ஒருவர் சொல்வதை முகத்துக்கு நேரே மறுப்பது அவருடைய ஊரில் வழக்கமும் இல்லை. அப்பா சொல்லச் சொல்லச் சித்தி அவருக்கு மொழிபெயர்த்தார். ஆறடி உயரம் என்றார் அப்பா. ஓம். மேலே உடைந்த போத்தில் ஓடு பதிக்க வேண்டும். ஓம். இரண்டு பூட்டுப் போட்ட இரும்புக் கேற். ஓம். மூன்று மாதத்தில் மதில் எழும்பி நின்றது. அதன் படத்தை அப்பா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டாததுதான் குறை.

எங்களுக்குக் கீழ் ஃபிளாட்டில் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரர், அறுபது தாண்டியவர். நான் அவரைக் கீழ்வீட்டு அன்ரி என்பேன். அவரையும் சேர்த்து எட்டுப் பெண்கள் வருடாவருடம் யாரும் போகாத ஊராகப் பார்த்துப் போய் நடந்துவிட்டு வருவார்கள். அந்த வருடம் எங்கே போவதென்று இன்னும் முடிவாகவில்லை என்ற செய்தியை அம்மா மாடிப்படியில் வைத்தே கறந்துவிட்டார். மறு ஞாயிறு அன்ரி எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க அழைக்கப்பட்டார்.

அன்று அம்மா விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, ஒரு ஊருக்கே போதுமான பற்றீஸ் பலகாரம் பொரித்தார். அப்பா வேட்டியோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். திரையின் ஒரு பக்கத்தில் சித்தியும் சித்தப்பாவும் நல்ல உடுப்புப் போட்டுக் காத்திருந்தார்கள். அப்பாவின் ஆங்கிலம் வேலைக்குப் போதும், உணர்ச்சிவசப்பட்டால் போதாது. அதனால் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.

அப்பா முதலில் காட்டியது கடலை அல்ல, மதிலை. அன்ரி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, அங்கே எல்லோரும் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார்.

"பயமே இல்லையெண்டு சொல்லு," என்றார் அப்பா உற்சாகமாக. "ஆறடி. ஒருத்தரும் ஏறேலாது. ஏறினாலும் கை கிழிஞ்சுபோம். நாயும் ஒண்டு வாங்கச் சொல்லியிருக்கிறன்."

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அன்ரி கையிலிருந்த பற்றீஸை மெதுவாகத் தட்டில் வைத்தார். மிக அழகான இடம், தோழிகளுடன் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வெள்ளைக்காரர் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று அம்மாவுக்குத் தெரியும். அவருடைய முகம் விழுந்துவிட்டது. அதன் உட்பொருள் விளங்காமல் சித்தி திரையில் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"சித்தி, அங்க கள்ளர் இருக்கினமோ?" என்று கேட்டுவிட்டேன்.

"இஞ்ச என்ன கள்ளர், குஞ்சு?" என்றார் சித்தி. "ஒரு வீட்டுக்கும் பூட்டே இல்லை. வெளியில போனா வாசல்ல ஒரு குருத்தோலையைக் கட்டிவிடுவினம். அதைத் தாண்டி ஒருத்தரும் போகமாட்டினம்."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் இந்த மதில் எதற்கு என்றார். சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். இது என் அப்பாவின் மதில் என்று நானே பதில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் தன் பாட்டில் பேசக்கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருப்பேன்.

எட்டுப் பேருக்கு இரண்டு அறை போதாதே, அயலவர்கள் மற்றவர்களைத் தங்கவைப்பார்களா என்று அன்ரி கேட்டார். அதைக் கேட்டதும் சித்தியின் கண் கலங்கியது.

"முந்தி எங்கட வளவுக்குள்ளாலதான் எல்லாரும் கடலுக்குப் போவினம். மீனும் தந்திட்டுப் போவினம். இப்ப சுத்திப் போகினம், அத்தான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. மதிலைக் கட்டி வைச்சுக்கொண்டு நான் எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா எழுந்தார், வேட்டியைச் சரிசெய்தார், திரைக்குக் கிட்டப் போனார்.

"தம்பி, உடைச்சுப் போடும்," என்றார்.

சித்தி அதைக் கணவரின் மொழியில் சொல்லி முடிக்கவில்லை, "ஓம்!" என்று ஒரு சத்தம் வந்தது. அதுவரை சொன்ன ஓம் எல்லாம் ஓமே இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அன்ரி தட்டில் வைத்த பற்றீஸை மறுபடி எடுத்துக் கடித்தார்.

அடுத்த ஞாயிறு மதில் இடிந்ததை நாங்கள் நேரலையில் பார்த்தோம். ஊரே திரண்டு வந்திருந்தது. முதலில் போத்தில் ஓடுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். பிறகு ஆண்களும் பெண்களும் பாட்டுப் பாடிக்கொண்டு கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய், கடலுக்கு இறங்கும் பாதையில் படியாகப் பதித்தார்கள். முதல் இடைவெளி விழுந்ததும் அதற்குள்ளால் ஒரு கிழவர் தூண்டிலோடு நடந்து போனார், சித்தியைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா கைதட்டினார். நான் குதித்த குதியில், என்னவோ ஏதோ என்று அன்ரி மேலே ஓடிவந்து, அவரும் சேர்ந்து கத்தினார். என் வாழ்க்கையில் அப்படியொரு வெற்றியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

அந்தக் கோடையில் எட்டுப் பேரும் போனார்கள். மூவர் சித்தி வீட்டில், ஐவர் அயல் வீடுகளில். அடுத்த வருடம் அவர்களுடைய தோழிகள் போனார்கள். காணி விற்கிற பேச்சு அத்தோடு அடங்கியது. ஹோட்டல்காரர் வேறு கரை தேடிப் போய்விட்டார். சித்தி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

மதில் இடிந்த அன்று அப்பா மட்டும் கைதட்டவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "நாலு மூலைக் கல்லையும் மட்டும் விடச் சொல்லு," என்றார். "அதை ஆர் அப்பா களவெடுக்கப் போகினம்?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். தோற்றவர் சமாளிக்கிறார் என்று நினைத்தேன்.

இருபத்திரண்டு வயதில் அவரோடு முதல்முறை யாழ்ப்பாணத்தில் அவருடைய ஊருக்குப் போனேன். போர் நெருங்கியபோது, இரண்டு நாளில் திரும்பலாம் என்று நம்பி அப்பா வீட்டார் விட்டுவந்த ஊர் அது. இராணுவம் காணிகளைத் திருப்பிக் கொடுத்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீடு இல்லை, ஒழுங்கை இல்லை, யாருடைய காணி எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு வேலிக் கதியால் தடிகூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பற்றை. அப்பா முதல்நாள் முழுவதும் சுற்றித் திரிந்தார். தான் பிறந்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் பற்றைக்குள் தூர்ந்த கிணறு ஒன்றின் கட்டு காலில் தட்டுப்பட்டது. அதிலிருந்து காலடி எண்ணி நடந்து ஓரிடத்தில் நின்றார்.

"இதிலதான் எங்கட மதில் இருந்தது," என்றார்.

கள்ளருக்குப் பயந்து மதில் கட்டிய மனிதர் என்றே அவரை அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று நாலு மூலைக் கல்லை மட்டும் ஏன் விடச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது. மறுநாள் வீடு கட்ட வந்த மேசன், வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்டார். அப்பா பதில் சொல்லுமுன், மதிலில் தொடங்குங்கோ என்று நான் சொன்னேன்.