இடி வந்தால் பிடுங்குகிற ஊரில் ஒரு சுவிட்ச்

செல்வலட்சுமி பிறந்தது தேவிகுளம் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். அப்பாவும் அம்மாவும் கொழுந்துக்காட்டில் வேலை பார்த்தவர்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் அவள் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள். அடிமாலியில் கேபிள் டி.வி. நடத்திவந்த ஜிஜோ, ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்று அவளைச் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த மாதமே ஏணியில் ஏறும் ஆள் காய்ச்சலில் படுத்தான். அன்று ஏறியவள் பிறகு இறங்கவில்லை. மரத்துக்கு மரம் கேபிள் கட்டினாள். டி.வி. தொழில் படுத்தபோது வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கப் பழகினாள், அதன் பிறகு ஹோம்ஸ்டேக்களுக்குக் கேமராவும் வைஃபையும். கடையின் பெயர்ப்பலகையை ஜிஜோ மாற்றிக்கொண்டே போனார், இவள் புதிது புதிதாகக் கற்றுக்கொண்டே போனாள்.

கணவன் திருப்பூரில் இருக்கிறான். பண்டிகைக்கு வருவான், சில பண்டிகைக்கு வரமாட்டான். யாராவது அதைப் பற்றித் துக்கம் விசாரிக்க வந்தால், "அவருக்கு அங்க வேலை, எனக்கு இங்க வேலை" என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொள்வாள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் பையில் ஸ்பேனரும் கேபிள் முனை அடிக்கும் இடுக்கியும்தான் கனம்.

இந்த ஐப்பசியில் அவளுக்கு வந்த வேலை ஒரு பராமரிப்பு இல்லத்தில். முன்பு எஸ்டேட் டிஸ்பென்சரியாக இருந்த கட்டிடம். இப்போது ஒரு அறக்கட்டளை அதில் படுக்கையோடு கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறது. முன்கட்டில் ஆபீசும் நர்ஸ் மேஜையும். முற்றத்தைத் தாண்டினால் பின்கட்டு, அதில்தான் கட்டில்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற சாந்தம்மாள் சிஸ்டர்தான் அங்கே எல்லாம்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு அழைப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் முன்கட்டு மேஜையில் பெல் அடிக்கும். ஆனால் பெல், கேமரா, ஆபீஸ் கம்ப்யூட்டர், பார்க்க வருகிறவர்களின் போன் எல்லாம் ஒரே மலிவான பெட்டி வழியாக ஓடின. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்து வீடியோ பார்க்க உட்கார்ந்தால் பெல் பின்தங்கி அடித்தது. மலம் போக வேண்டும் என்று அழுத்துகிறவருக்கே அது பெரிய தாமதம். பெரியமுத்துவுக்கு அது மூச்சு.

பெரியமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். தொண்டையில் புற்று. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு, குரல் கிடையாது. சளி கட்டிக் குழாய் அடைத்தால் கூப்பிட அவருக்கு அந்தப் பொத்தானை விட்டால் வேறு வழியில்லை. அவரைப் பொறுத்தவரை இந்த வேலை முழுவதும் அந்த ஒரு பெல்லுக்காகத்தான். சாந்தம்மாளும் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார்.

"இந்தப் புதுப் பெட்டி வந்தா பெல்லுக்கு என்ன மாறும்? அத மட்டும் சொல்லு, மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்."

"கங்காணி காட்டுல கொழுந்து பறிக்க ஆளுக்கொரு நிரை பிடிச்சுக் குடுப்பாருல்ல சிஸ்டர், அது மாதிரி. பெல்லுக்கு ஒரு நிரை, கேமராவுக்கு ஒரு நிரை, பாக்க வாரவங்க போனுக்கு ஒரு நிரை. ஒருத்தர் நிரையில இன்னொருத்தர் இறங்க முடியாது."

"இப்ப இருக்கிறதுல?"

"இப்ப எல்லாரும் ஒரே நிரையில விழுந்து பறிக்காங்க."

"சரி, போடு."

சொன்னபடி நிரை பிடித்துக் கொடுக்கிற நெட்வொர்க் சுவிட்ச் பெட்டிகள் இரண்டு வந்தன, முன்கட்டுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று. இரண்டையும் இணைப்பதில் ஜிஜோவோடு போனில் சின்னத் தகராறு.

"முற்றம் இத்தனை தூரம்தானே செல்வீ, சாதா கேபிள் மதியில்லே?"

"போதாது சார். கட்டிடத்துக்குக் கட்டிடம் செம்புக் கம்பி இழுத்தா இடி அதுலயே நடந்து வரும். கண்ணாடி இழை போட்டா வராது."

"உன்னோடு பேசி ஜெயிக்க என்னால ஆகாது."

கண்ணாடி இழை வந்தது. பழைய எர்த் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள், துருவாக உதிர்ந்தது. புதுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, புது எர்த் இறக்கி, சுவிட்ச் இருக்கும் இரும்பு அலமாரியை அதோடு கட்டினாள். திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவியும் யு.பி.எஸ்.சும் வைத்தாள். அதற்குப் பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாப் பெட்டியிலும் ஒன்றே போல் வருகிற கம்பெனி பாஸ்வேர்டை மாற்றினாள். புது மென்பொருள் ஏற்றினாள். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து மட்டுமே பெட்டியின் உள்ளே போக முடியும்படி செய்தாள். கேபிள் செருகும் துளைகளில் வேலையில்லாதவற்றை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

வார்டு அட்டெண்டர் சுடலைமணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட், தண்ணீர், ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு.

"சும்மாதானே கெடக்கு அந்தத் துளை, அத ஏன் புள்ள அடைக்க? நாளைக்கு எனக்கு ஒரு டி.வி. மாட்டணும்னா?"

"அதுக்குத்தான் அண்ணே அடைக்கேன்."

சுடலைமணி வாய்விட்டுச் சிரித்தார்.

பின்கட்டுச் சுவிட்சை முதல் நாளே முடித்து, ஒரு இரவு ஓடவிட்டு, காலையில் சேவ் செய்திருந்தாள். முன்கட்டுச் சுவிட்சை அன்று முடித்தாள். ஆனால் சேவ் செய்யவில்லை. மறதி அல்ல, அவள் வழக்கமே அதுதான். இந்த வகைப் பெட்டியில் மாற்றியதெல்லாம் அந்த நிமிடமே வேலை செய்யும். சேவ் செய்யாத வரை நிரந்தரமாகப் பதியாது. கரண்டை அணைத்துப் போட்டால் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தப்பான அமைப்பை அவசரப்பட்டு சேவ் செய்து, தானே உள்ளே போக முடியாமல் பூட்டிக்கொண்டு, அறை முழுக்க விருந்தாளிகள் இருக்கும்போது எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டிருக்கிறாள். அதிலிருந்து ஒரு இரவு ஓடவிட்டுத்தான் சேவ். நல்ல வழக்கம். தொழில் தெரிந்தவர்கள் பலரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். எல்லாம் உடனே அடித்தன. பெரியமுத்து தன் பொத்தானைத் தானே அழுத்தி, முன்கட்டில் பெல் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"நாளைக்கு நான் வர்ற வரைக்கும் இத யாரும் தொடக் கூடாதுண்ணே," என்று சுடலைமணியிடம் சொன்னாள்.

"நான் எதுக்குத் தொடுதேன்? பயமா கெடக்கு, எத்தனை வயரு!"

அவர் மனமாரத்தான் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் ஜோமோளின் டீக்கடை. செல்வலட்சுமி போய்ச் சேருமுன் மலைக்குப் பின்னால் வானம் கறுத்துவிட்டது. ஐப்பசியில் மதியத்துக்கு மேல் அது தினசரிக் கதை. மழையும் பிடித்தது. டீயை வாங்கி வாயில் வைக்கும்போது முதல் இடி விழுந்தது. ஜோமோள் பாய்லரை விட்டுவிட்டு, கை ஈரத்தை முந்தானையில் துடைத்து, பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள். டி.வி. பிளக்கைப் பிடுங்கினாள். சுவரில் இருந்த இன்டர்நெட் பெட்டியின் வயரையும் பிடுங்கித் தரையில் போட்டாள். பேச்சை நிறுத்தாமலே செய்தாள். ஜன்னல் சாத்துகிற மாதிரி.

செல்வலட்சுமியின் கை அந்தரத்தில் நின்றது.

அவள் அம்மாவும் இதையேதான் செய்வாள். லயத்தில் அத்தனை வீட்டிலும் இதுதான். மலையில் இடி விழுந்து டி.வி. கருகாத வீடு கிடையாது. அதனால் முதல் முழக்கத்திலேயே கரண்டில் இருப்பதெல்லாம் சுவரை விட்டு வந்தாக வேண்டும். 'தொடாதே' என்று சொன்னால் அதில் இது சேராது. இடிக்குப் பிடுங்குவதை யாரும் தொடுவதாக நினைப்பதில்லை. சுடலைமணி பிடுங்கியிருப்பார், சுவரிலிருந்து யு.பி.எஸ்.ஸையும், யு.பி.எஸ்.ஸிலிருந்து சுவிட்சையும்.

"ஜோமோள் சேச்சி, போன் கிடைக்குதா?"

"இடி வெட்டியா டவர் போகும். உனக்கு அறியில்லையா?"

டீயை வைத்துவிட்டு மழையில் இறங்கினாள். எதிரே வந்த பஸ்ஸுக்குக் கை காட்டவில்லை. ஏற்றத்தில் ஓடும்போது கணக்கு தானாக ஓடியது. பின்கட்டுச் சுவிட்ச் சேவ் செய்தது, கரண்ட் வந்ததும் எல்லாம் அதற்கு நினைவிருக்கும். பெல் செய்திகளை மூட்டையாகக் கட்டி, எந்த நிரை என்று அடையாளம் போட்டு முன்கட்டுக்கு அனுப்பும். முன்கட்டுச் சுவிட்ச் எல்லாவற்றையும் மறந்திருக்கும். தெரியாத அடையாளத்தோடு வரும் மூட்டையைக் கீழே தள்ளிவிடும். இரண்டிலும் பச்சை விளக்கு எரியும். பின்கட்டிலிருந்து ஒரு பெல்லும் முன்கட்டுக்கு வராது.

அவள் போய்ச் சேரும்போது மழை விட்டு, இடியும் அடுத்த மலைக்குப் போயிருந்தது. சுடலைமணி வாசலில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, பஸ்ஸ விட்டுட்டியா? உன் பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. மொத இடியிலயே எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்லா. இப்பத்தான் மாட்டுனேன். போய்ப் பாரு, பச்ச பச்சயா மினுக்குது."

"பின்கட்டுல யாரு இருக்கா?"

"கரண்டு இல்லாத நேரம் முழுக்க உதவிக்கு இருக்கிற பொண்ணு ஜிஸ்மி பெரியமுத்து பக்கத்துலதான் உக்காந்திருந்தா. சிஸ்டர் உத்தரவு. லைட்டு வந்திருச்சுல்ல, டீ கலக்கப் போயிருக்கா."

செல்வலட்சுமி முற்றத்தைத் தாண்டி ஓடினாள்.

பெரியமுத்து பாதி எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. உதடு நீலம். மறு கையின் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. முன்கட்டில் சத்தமே இல்லை.

அவளுக்கு நர்ஸ் வேலை தெரியாது, தெரிந்தது போல எதுவும் செய்யவும் இல்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று. வாசலுக்கு வந்து கத்தினாள்.

"சிஸ்டர்! பெரியமுத்து அண்ணனுக்கு மூச்சு அடைக்குது!"

சாந்தம்மாள் ஓடவில்லை, ஆனால் யாரும் ஓடி வருவதை விடச் சீக்கிரம் வந்தார். கையுறை மாட்டியபடியே வந்தார். குழாய்க்குள் இருக்கும் உள்குழாயைத் திருகி உருவினார். சளி காய்ந்து தக்கை போல அடைத்திருந்தது. உறிஞ்சும் மெஷினைப் போட்டு மிச்சத்தை எடுத்தார். பெரியமுத்து ஒரு பெரிய இருமல் இருமினார். சளி படுக்கை விரிப்பில் தெறித்தது. பிறகு மூச்சு சீராக வந்தது.

"நல்லது," என்றார் சாந்தம்மாள். விரிப்பை மாற்றினார். பெரியமுத்துவின் உதட்டில் நிறம் திரும்பும் வரை நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அதற்குள் டீத்தட்டோடு ஜிஸ்மியும், துடைப்பத்தோடு சுடலைமணியும் வாசலில்.

"நான் இப்பத்தான் எழுந்து போனேன் சிஸ்டர்," என்றாள் ஜிஸ்மி. அழ ஆரம்பித்திருந்தாள்.

"அழுறதுன்னா டீயக் கீழ வச்சிட்டு அழு. பெல்லு ஏன் அடிக்கல?"

செல்வலட்சுமி சொன்னாள், எதையும் விடாமல். சேவ் செய்யாமல் போனது தன் வழக்கம் என்பதையும், இந்த ஊரில் பிறந்தும் இடியை நினைக்காமல் போனதையும் சொன்னாள்.

சுடலைமணியின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இடி வந்தா பிடுங்கக் கூடாதா?"

"பிடுங்குங்கண்ணே. எர்த் போட்டேன், எல்லாம் போட்டேன், அதுக்காக இடி எனக்குப் பயப்படுமா? நீங்க பிடுங்குவீங்கன்னு தெரிஞ்சு நான் சேவ் பண்ணியிருக்கணும்."

"யாரு தப்புன்னு அப்புறம் பேசிக்கோங்க," என்றார் சாந்தம்மாள். "பெல்லு எப்ப வரும்?"

அமைப்பின் நகல் லேப்டாப்பில் இருந்தது. முன்கட்டுச் சுவிட்சில் அதை ஏற்றினாள், கட்டில் கட்டிலாகச் சோதித்தாள், சேவ் செய்தாள். ஜிஜோ போனில் வந்தபோது கேட்டார்: "ஒரு ராத்திரி ஓடட்டும்னு நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பே?"

"ரிசார்ட்டுல ஓடட்டும் சார். ஆள் படுத்திருக்கிற இடத்துல சோதிச்ச உடனே சேவ்."

பிறகு சுடலைமணியைக் கூப்பிட்டு, இடி விழுந்ததாக நினைத்து எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னாள். அவருக்குக் கை வரவில்லை. இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான் பிடுங்கினார். அதற்கு முன்பே சாந்தம்மாள் ஜிஸ்மியைப் பெரியமுத்து பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். புதிதாக ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: "லைட்டு வந்தா எழும்பக் கூடாது. பச்ச வெளக்குன்னு யாராவது சொன்னாலும் எழும்பக் கூடாது. அவரு அழுத்தணும், அங்க அடிக்கணும், அங்கருந்து ஒரு ஆள் இங்க வந்து நிக்கணும். அப்பத்தான் எழும்பணும்."

சுடலைமணி மறுபடி மாட்டினார். இரண்டு பெட்டியும் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. செல்வலட்சுமி கட்டில் பக்கம் வந்து, "அழுத்துங்கண்ணே" என்றாள்.

பெரியமுத்து அழுத்தினார். முன்கட்டில் அடித்தது. சாந்தம்மாள் முற்றத்தைத் தாண்டி வந்து கட்டில் முன் நின்றார். ஜிஸ்மி எழுந்தாள்.

சாந்தம்மாள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்காருமுன் மறுபடி பெல். வந்தார்.

"என்ன வேணும்?"

ஒன்றுமில்லை என்று பெரியமுத்து கையை விரித்தார். பிறகு சிஸ்டர் கண் முன்னாலேயே இன்னொரு தரம் அழுத்தி, முன்கட்டுப் பக்கம் காதைத் திருப்பினார்.

"கேக்குது," என்றார் சாந்தம்மாள். "நல்லாக் கேக்குது. எத்தனை தரம் வேணும்னாலும் அழுத்தும். வாரேன்."

அன்று சாயங்காலம் பெரியமுத்து அழுத்திக்கொண்டேதான் இருந்தார். சாந்தம்மாள் ஒவ்வொரு தரமும் போனார்.