பார்க்காமல் ஒட்டிய பச்சை

என் அலமாரி இழுப்பறையில் பாதி கிழிந்த ஒரு தாள் இருக்கிறது. அதில் சுண்டுவிரல் நகம் அளவில் சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள், பின்னால் பசை தடவியவை. மொத்தம் பன்னிரண்டு. கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கியூசி என்ற தரப் பரிசோதனை வேலை பார்த்த காலத்தில், என் சட்டைப் பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தவை. திருட்டு என்றால் திருட்டுதான், மறுக்கவில்லை. அங்கே பிரிண்டர் மூடிகள் அச்சில் வார்த்து வரும். கீறலோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டும்படி ஓர் அம்பை ஒட்ட வேண்டும். பழுதில்லை என்றால் ஒரு பச்சை வட்டம், அதில் பார்த்தவரின் எண். என் எண் முப்பத்தொன்பது. பழுதான மூடி தப்பிப் போனால்கூட மன்னித்துவிடுவார்கள். பார்க்காமலே பச்சை ஒட்டினாள் என்று தெரிந்தால் மட்டும் மன்னிப்பு கிடையாது. எட்டு வருடத்தில் ஒரு மூடிக்குக்கூட நான் அப்படி ஒட்டியதில்லை. ஒரே ஒரு நாவலுக்கு ஒட்டினேன்.

அந்த நாவலை எனக்குக் கொடுத்தவரைத் தொழிற்சாலையில் எல்லோரும் கியூசி அக்கா என்போம். என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆனால் எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் நானும் அக்கா என்றேன். வயதுக்கு மரியாதை கொடுத்து அவரும் என்னை அக்கா என்றார். இரண்டு பேரும் மாறி மாறி அக்கா போட்டுக்கொண்டதைப் பார்த்து பஸ் டிரைவர் அங்கிளுக்குத் தினமும் சிரிப்பு. பெக்கான் நானாஸிலிருந்து காலையில் கிளம்பும் தொழிற்சாலை பஸ்ஸில் இடதுபக்க நான்காம் வரிசை எங்களுடையது. மற்றவர்கள் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். நாங்கள் பேசுவோம், நாவல்களைப் பற்றி மட்டும். குடும்பக் கதை பேசியதே இல்லை. அவர் கணவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார், முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, அப்புறம் வருவதே இல்லை என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

எங்கள் பழக்கம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. மளிகைக் கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்த மாத நாவல் ஒன்றை அவர் படித்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்து, "இதுவா? கடைசியில அந்தக் கெட்டவன் திருந்திடுவான்கா" என்றேன். அவர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தை என் மடியில் வைத்தார். பிரித்தால், வில்லன் அம்மாவின் கண்ணீரைப் பார்த்து மனம் மாறும் பக்கத்தில், அந்த வரிக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. "முந்நூறு பக்கம் கெட்டவனா இருந்தவன் மூணு பக்கத்துல திருந்திட்டான்னா, மீதி இருநூத்தித் தொண்ணூத்தேழு பக்கம் எதுக்கு லா?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர் விழித்துக்கொண்டார். அன்றிலிருந்து அதுவே எங்கள் முறையாகிவிட்டது. படித்துப் பிடித்திருந்தால் பின்னட்டையின் உள்பக்கத்தில் அவரவர் எண்ணோடு பச்சை வட்டம். பிடிக்கவில்லை என்றால் சும்மா பிடிக்கவில்லை என்று சொல்லக் கூடாது, கெட்டுப்போன இடத்தைத் தேடிப் பிடித்து அம்பு ஒட்ட வேண்டும். "எந்த இடத்துல கெட்டுச்சுன்னு காட்டத் தெரியலைன்னா, நீங்க சரியா பாக்கலைன்னு அர்த்தம்" என்பார்.

இப்படி எத்தனை நாவல்கள் எங்கள் கை மாறின என்று கணக்கு இல்லை. ராஜாவும் குதிரையும் வரும் தடித்தடியான நாவல்கள் எனக்கு உயிர். அவருக்கு ஆகாது. "குதிரை ஓடுற வேகத்துக்குக் கதை ஓடலையே" என்று அம்பு ஒட்டித் திருப்பித் தருவார். மூன்று அண்ணன் தம்பிகள் வீட்டைப் பாகம் பிரிக்கும் நாவல் ஒன்றுக்கு, கிணறு யாருக்கு என்று பேசும் அத்தியாயத்துக்காகவே அவர் பச்சை ஒட்டினார். எனக்கு அதே அத்தியாயத்தில்தான் கொட்டாவி வந்தது. அங்கேயே அம்பை ஒட்டினேன். பஸ் தொழிற்சாலை வாசலுக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கிணற்றுக்காகச் சண்டை போட்டோம். என் வாழ்க்கையில் யாரும் என் கருத்தை அவ்வளவு மதித்துச் சண்டை போட்டதில்லை. வீட்டில் நான் சொல்வதற்கு உம் கொட்டுவார்கள், வேலையில் தலையாட்டுவார்கள். அவர் ஒருவர்தான் "ஏன்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் அவர் செய்தித்தாளில் அட்டை போட்ட ஒரு பழைய நாவலைக் கொடுத்தார். "எனக்கு ரொம்பப் புடிச்ச கதைக்கா. யார்கிட்டயும் குடுத்ததில்ல. முழுசா படிச்சிட்டு வாங்க. கடைசியில ஒண்ணு இருக்கு, உங்ககிட்ட பேசணும்" என்றார். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழும் ஒரு பெண்ணின் கதை அது. கப்பலேறிப் போன கணவன் பல வருடமாகத் திரும்பவில்லை. அவள் மாவு இடிக்கிறாள், ஆற்றைப் பார்க்கிறாள், மறுபடி மாவு இடிக்கிறாள். நாற்பதாம் பக்கத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. அந்த மாதம் ஓவர்டைம் வேறு, மகளுக்குப் பரீட்சை வேறு. இரண்டு வாரம் போய்விட்டது. தினமும் பஸ்ஸில் ஏறும்போது அவர் என் பையைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தியது. பிடிக்கவில்லை என்று சொல்லலாம், நாற்பதாம் பக்கத்தில் ஓர் அம்பை ஒட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் சண்டை போட்டிருப்பார், அவ்வளவுதான். ஆனால் ரொம்பப் பிடித்த கதை என்று சொல்லிக் கொடுத்ததை எப்படிப் பழிப்பது என்று எனக்கு ஒரு பெரிய மனசு வந்துவிட்டது. பின்னட்டையின் உள்பக்கத்தில் முப்பத்தொன்பது என்ற பச்சை வட்டத்தை ஒட்டிக் கொண்டுபோனேன். அவர் வட்டம் அங்கே இல்லை என்பதைக்கூட அப்போது நான் யோசிக்கவில்லை.

"படிச்சிட்டீங்களா? முடிவு எப்படி இருந்துச்சு?" என்றார். முகத்தில் அப்படி ஓர் ஆவல்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. கண்ணு கலங்கிடுச்சு."

"அவன் வந்தானா?"

"வந்தான் லா. வராம இருப்பானா?"

அவர் புத்தகத்தை வாங்கி, பின்னட்டையைத் திறந்து, என் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா, நல்லது" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே அன்னாசித் தோட்டங்களின் மேல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அவர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்து, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் நாவல்கள் கொடுத்தார், நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். பக்கத்தில்தான் உட்கார்ந்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் பாதியை எனக்கு வைத்தார். ஆனால் "ஏன்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். நான் நன்றாக இருக்கிறது என்றால் சரி, இல்லை என்றால் அதற்கும் சரி. களைப்பு என்று நினைத்தேன், வீட்டுக் கவலை என்று நினைத்தேன். என்னைத் தவிர எல்லாவற்றையும் காரணமாக நினைத்துப் பார்த்தேன். அடுத்த வருடம் எங்கள் பிரிவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். விரும்பியவர்கள் போகலாம், மற்றவர்கள் வேலையிலிருந்து நின்றுகொள்ளலாம் என்றார்கள். அவர் நின்றுகொண்டார். குளுவாங்கில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றார். கடைசி நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும்கா. நேரம் கெடச்சா படிங்க" என்றார். பைக்குள் ஏழெட்டு நாவல்கள், எல்லாவற்றுக்கும் மேலே செய்தித்தாள் அட்டை போட்ட அந்த நாவல்.

நேரம் கிடைக்க நான்கு மாதம் ஆனது. நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியதும் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. கணவன் வருவதாகக் கடிதம் வருகிறது. ஊரே கரைக்கு வருகிறது. அவள் மட்டும் உலக்கையைக் கீழே வைக்காமல் நிற்கிறாள். அவன் வந்தால் அவனை வீட்டுக்குள் விடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. படகு வளைவில் திரும்புகிறது. இருநூற்று எழுபத்திரண்டாம் பக்கம் அங்கே முடிகிறது. பக்கத்தைப் புரட்டினால், இருநூற்று நாற்பத்தொன்று என்று போட்டிருந்தது. கடைசிப் பதினாறு பக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஏற்கெனவே வந்த பதினாறு பக்கங்களையே மறுபடியும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் முடிவே இல்லை. அவன் வந்தானா என்று அக்காவுக்கும் தெரியாது. என்னிடம் பேச வேண்டும் என்று சொன்னது அதைத்தான். அவன் வந்திருப்பானா, வந்தால் அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்க இந்த உலகத்தில் அவர் என் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்திருந்தார். இல்லாத ஒரு முடிவுக்கு நான் கண் கலங்கினேன் என்று சொன்னேன். வந்தான் லா, வராமல் இருப்பானா என்று, யாரிடம் சொல்லவே கூடாதோ அவரிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

உடனே போன் செய்திருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தே ஒரு வருடம் ஓட்டினேன். பிறகு போன் செய்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. குளுவாங்குக்கே போனேன். அவர் தம்பி மார்க்கெட்டில் காய்கறி விற்கிறார் என்று எப்போதோ சொன்னது நினைவிருந்தது. அந்த இடத்தில் ஒரு சீனப் பெண்மணி கீரை விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடை அண்ணன், "அவங்க குடும்பத்தோட போயி ஆறு மாசமாச்சு. எங்கன்னு தெரியல லா" என்றார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போனவள் கதைதான். கால் கிலோ கீரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது நான் ஒரு வாசகர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். யாராவது ஒரு நாவலைப் பற்றிச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள் பத்துப் பேர் அருமை என்று கைதட்டுகிறார்கள். பத்துப் பேரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதிதானே. யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. நான் ஒருமுறை கேட்டேன். ஒரு பெண்மணி கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போய்விட்டார். போன மாதம் குழுவில் ஒருவர் வீடு மாறுவதால் பழைய நாவல்களைக் கோயில் மண்டபத்தில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அங்கே அதே நாவல் இருந்தது. நின்ற இடத்திலேயே பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இருநூற்று எழுபத்திரண்டுக்குப் பிறகு இருநூற்று எழுபத்துமூன்று.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் பக்கத்திலிருந்து முழுசாகப் படித்தேன். நான் சொன்னது சரிதான். அவன் வந்தான். படகிலிருந்து இறங்கி, அவள் காலில் விழுந்து அழுதான். அவள் உடனே உலக்கையைப் போட்டுவிட்டுச் சோறு போடப் போய்விட்டாள். மூன்றே பக்கத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மீதிப் பக்கங்களில் ஊர் முழுக்க விருந்து சாப்பிடுகிறது. படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்து சீட்டில் அக்கா இருந்திருக்க வேண்டும். தொழிற்சாலை வாசல் என்ன, பாலத்தைத் தாண்டியும் பேசியிருப்போம்.

இழுப்பறையைத் திறந்து அம்புத் தாளை எடுத்தேன். பசை காய்ந்துபோயிருந்தது, கொஞ்சம் சோற்றுப் பருக்கை தடவினேன். அவன் காலில் விழும் வரிக்கு ஒட்டவில்லை, அது அக்கா ஒட்ட வேண்டியது. அவருடைய பழைய பிரதியை எடுத்துப் பின்னட்டையைத் திறந்தேன். முப்பத்தொன்பது என்ற பச்சை வட்டம் இன்னும் பளிச்சென்று இருந்தது. அதை நோக்கி அம்பை ஒட்டினேன். இன்னும் பதினொன்று இருக்கின்றன. அவன் வந்தான்கா. முழுசாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள்.