மூன்றாம் ஓலை

இருதயம்மாள் வழியிலேயே குடித்தனம் நடத்தியவள். கம்பம் சந்தையில் அரிசியும் உப்பும் பொதியேற்றி, மாடுகளைக் குமுளி மலைக்கு ஓட்டிப்போவாள். இறங்கும்போது ஏலமும் மிளகும் கொண்டு வருவாள். பேரியாற்றில் அணை வேலை நடந்த காலம் அது, மலைக்கு எத்தனை பொதி போனாலும் காணாது. பொழுது சாய்ந்த இடத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்குவாள். மகள் லூர்து மேரியை முழங்காலில் நிறுத்தி, செபம் சொல்லவைத்த பிறகுதான் சட்டியை இறக்குவாள். பெரிய வெள்ளிக்கிழமை மாட்டு முதுகில் பொதி ஏறாது. எந்த வியாபாரி தொண்டை கிழியக் கத்தினாலும் சரிதான்.

ஊர் ஊராய்ப் பொதிமாடு ஓட்டிய புருசன் மலைக்காய்ச்சலில் செத்துப்போனதும் அண்ணன் பிலவேந்திரன் பிறந்த ஊரான அனுமந்தன்பட்டியிலிருந்து வந்து, “மாட்டை வித்துப்புட்டு வீட்டோட வந்து இரு” என்றார். மூலையில் உட்கார்ந்து அடுத்தவர் ஊற்றும் கஞ்சியைக் குடிக்க இவளுக்கு மனசில்லை. மாட்டுக்கயிற்றைப் பிடித்தாள். அண்ணனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “பொதிமாட்டுக்குப் பின்னாடி போறவ எங்க வீட்டுப் பொம்பளையே இல்ல” என்று கோவில் வாசலில் ஊரறியச் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு அறுந்தது. வருசங்கள் ஓடின. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, யார் இறங்கி வருவது?

லூர்து மேரிக்குக் கெங்குவார்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தான். பெயர் அமிர்தராஜ், சொந்த நிலத்தில் உழுகிற பையன். அவனுடைய அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பெண்ணின் ஊர்க்கோவிலில் முறைப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் பிறந்துவிட்டால் தாலி கட்ட முடியாது, அதற்குள் ஆகவேண்டும். இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார்.

இருதயம்மாள் அனுமந்தன்பட்டிக் கோவிலில் எழுத்து வேலை பார்க்கும் உபதேசியாரிடம் போனாள். அவர் எழுத்தாணியை எடுத்துக்கொண்டு கேட்டார்.

“எந்த ஊருன்னு எழுதட்டும்?”

“அதை எங்கண்ணன்கிட்டக் கேளுங்க.”

கேட்டார். பிலவேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். பாவம், உபதேசியார் என்ன செய்வார்? தமக்குத் தெரிந்ததை எழுதினார். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அதை அப்படியே வாசித்தார்: “நிலையான ஊரில்லாத இருதயம்மாளின் மகள் லூர்து மேரி.”

பெண்கள் பக்கம் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. இருதயம்மாள் தலையைக் குனியவில்லை. முக்காட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். இரண்டாம் வாரமும் அதே ஓலை, அதே குசுகுசு.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டி வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் ஓலையை வாசித்து முடித்து, “இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர் யாரேனும் இருந்தால் சொல்லலாம்” என்றார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். அதற்கு யாரும் வாயைத் திறப்பதில்லை.

“தடை இருக்கு, சாமி.”

எழுந்து நின்றவர் பிலவேந்திரன். என்மேல் உள்ள கோபத்தை என் பிள்ளைமேலா தீர்க்க வேண்டும், பாவி மனுசா என்று இருதயம்மாள் உள்ளுக்குள் அலறினாள். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழப் பார்த்தார்.

“என்ன தடை?” என்றார் சாமியார்.

“ஓலை தப்பு, சாமி. ஊரில்லாதவன்னு வாசிக்கிறீக. எங்கய்யா இஞ்ஞாசிமுத்து தூக்கியாந்து இதே கோவில்லதான் அவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தாக. கோவத்துல நான் ஒருத்தன் சொன்னா ஊரு அவளை விட்டுப் போயிருமா? ரெண்டு வாரமா இதைக் கேட்டுட்டுப் போயி எனக்குச் சோறு எறங்கல.” அவர் கையை நீட்டி ஓலையைக் காட்டினார். “இன்னொரு தப்பும் இருக்கு. தாய்மாமன் பேரைக் காணோம். நான் மாலை எடுத்துக் குடுக்காம அந்தப் பிள்ளை கழுத்துல எப்படித் தாலி ஏறும்? மாத்தி எழுதி வாசிக்கச் சொல்லுங்க.”

உபதேசியார் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். சாமியார் மறுபடி வாசித்தார்: “அனுமந்தன்பட்டி இஞ்ஞாசிமுத்துவின் பேத்தி, பிலவேந்திரனின் மருமகள் லூர்து மேரி.” மாப்பிள்ளையின் அப்பா துண்டை மடியில் போட்டுக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்தார். இருதயம்மாள் கோவில் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள். யாரும் குசுகுசுக்கவில்லை. பாதிப் பெண்கள் அவளோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து அண்ணன் நேரே அவளிடம் வந்தார். “மாட்டையெல்லாம் எங்கன கட்டியிருக்க?”

“ஆத்தங்கரையில.”

“நம்ம தொழுவுல கொண்டாந்து கட்டு.”

“கட்டுறேன். ஆனா கல்யாணம் முடிஞ்சா அவுத்துருவேன். பொதியை நான் விடமாட்டேன், இப்பவே சொல்லிப்புட்டேன்.”

“யாரு உன்னைய விடச் சொன்னது?” என்றார் பிலவேந்திரன்.

யார் சொன்னதாம்! ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை.

தபசுகாலம் பிறப்பதற்குள் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் எடுத்துக் கொடுத்த மாலையோடு லூர்து மேரி கோவிலுக்குள் போனாள். மறுநாள் விடிந்ததும் இருதயம்மாள் பொதியேற்றினாள். மாடுகள் மலைப் பக்கம் திரும்பிவிட்டன. அவள் மட்டும் அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். இத்தனை வருசமாகப் போய்க்கொண்டே இருந்தவளுக்கு, சொல்லிவிட்டுப் போக ஓர் ஆள் இருந்ததில்லை.

“போயிட்டு வாறேன், அண்ணே.”

“வா” என்றார் பிலவேந்திரன்.