சமையலக்கா கேட்ட கேள்வி

இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஆறாம் அறை அம்மா முதன்முதலாக என்னிடம் பேசினார். பெயரைக் கேட்கவில்லை. "நீ எந்த ஊரு?" என்றார். பாகூர் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊரா, காலனியா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்குப் பல வழிகள் தெரியும். சிரித்து மழுப்பலாம், மாத்திரையை நீட்டிப் பேச்சை மாற்றலாம். அன்று ஏனோ எதையும் செய்யத் தோன்றவில்லை. "காலனிதாம்மா" என்றேன். பட்டையோடு சேர்த்து மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார்.

வில்லியனூருக்கு வெளியே, கரும்பு வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அப்போது நான் நர்ஸாக இருந்தேன். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களும் நினைவு தப்பியவர்களும்தான் அங்கே அதிகம். அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மாத்திரையை என் முகத்தில் துப்பியவர்களைத் துடைத்து உட்கார வைத்திருக்கிறேன். அதெல்லாம் நோய் செய்கிற வேலை என்று மனம் ஒதுக்கிவிடும். ஆறாம் அறை அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. நெட்டப்பாக்கம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். இடுப்பு எலும்பு முறிந்து வந்திருந்தார். கை நடுக்கத்தால் ஊட்டித்தான் விடவேண்டும். மறுநாள் காலையில் அவர் ஒரு முடிவோடு இருந்தார். "ஊசி போட்டுட்டுப் போ. சோத்துல மட்டும் கை வெக்காத."

ஊசி போட நான் தொடலாம், தட்டைத் தொடக்கூடாது. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். அந்த அம்மாவின் மகன் ஏற்கெனவே போன் செய்துவிட்டிருந்தார். "பெரிய எடம்மா. வயசானவங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போ. சாப்பாட்டை சமையல்காரம்மா எடுத்துட்டுப் போவட்டும். இத்தப் போயி பெருசு பண்ணாத. உன்ன மாதிரி பத்து பேரு வேல கேட்டு நிக்கிறாங்க." அனுசரித்துப் போனேன். எனக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

சமையலக்கா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். சுத்துக்கேணியிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். உயரமான, உரத்த குரலுள்ள பெண். யாருக்குப் பல் இல்லை, யாருக்கு உப்புக் குறைக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 'சிஸ்டருக்கு வேலை அதிகம்' என்று மட்டும் மேலாளர் அவரிடம் சொல்லியிருந்தார். அவரும் நம்பி, மூன்று வாரம் வேளை தவறாமல் ஆறாம் அறைக்குத் தட்டு கொண்டுபோய் ஊட்டிவிட்டு வந்தார். உண்மையை நானும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவமானப்படுத்தியது யாரோ, கூசிப்போனது நான். இதை இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஒருநாள் மதியம் அந்த அம்மாவுக்கு விக்கல் எடுத்தது. அறையில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் டம்ளரை நான் நீட்டினேன். நடுங்குகிற அந்தக் கையால் அதைத் தட்டிவிட்டார். என் சட்டையெல்லாம் நனைந்தது. துணி காயப்போடும் இடத்தில் நின்று பிழிந்துகொண்டிருந்தபோது சமையலக்கா பார்த்துவிட்டார். "இன்னாடி ஆச்சு? ஏன் அழுவுற?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்குத்தான் என்னத் தட்டு தூக்க வெச்சானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு வழக்கம்போல ஆறாம் அறையில் இன்சுலின் ஊசி போட்டேன். போட்டால் சற்று நேரத்தில் சாப்பிட்டாகவேண்டும். தட்டு வரவில்லை. அடுத்தடுத்த அறைகளை முடித்துத் திரும்பி வந்து பார்த்தபோது அந்த அம்மாவின் நெற்றி முழுக்க வியர்வை. விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சமையலறைக்கு ஓடினேன். மேடைமேல் இட்லித் தட்டு மூடியபடி இருந்தது. பக்கத்தில் சமையலக்கா கைகட்டி நின்றிருந்தார்.

"நான் எடுத்துனு போவ மாட்டேன். நீ குடு. உன் கையால துன்னட்டும்."

"அக்கா, ஊசி போட்டுட்டேன். வாயில எதுவும் போவலன்னா மயக்கமாயிடுவாங்க. உயிருக்கே ஆபத்துக்கா."

அவர் முகம் மாறிவிட்டது. ஊசி விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்காக நின்ற மனுஷியை நானே கெஞ்சி அழைத்துப்போகவேண்டியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தார். ஆனால் அறைக்குள் போனதும் கட்டிலருகே நின்று தட்டை என் கையில் வைத்தார். குனிந்து, அதட்டாமல், அந்த உரத்த குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"மூணு வாரமா என் கையால சாப்புடறீங்களே பெரியம்மா. நான் எந்தத் தெருன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? இப்ப கேளுங்க. சொல்றேன்."

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அந்தக் கண்களில் தெரிந்தது. பிறகு அந்தப் பார்வை என் பக்கம் திரும்பியது. சர்க்கரைத் தண்ணீர் டம்ளரை மறுபடி உதட்டருகே கொண்டுபோனேன். குடித்தார். வியர்வை அடங்கியதும் இட்லியை விண்டு ஊட்டினேன். ஒன்றரை இட்லி சாப்பிட்டார். வாசல் பக்கம் திரும்பியபோதுதான் மேலாளர் அங்கே நிற்பதைப் பார்த்தேன்.

நடந்ததை நேரத்தோடு, அந்த அம்மா மறுத்த காரணத்தோடு, அறிக்கை நோட்டில் எழுதினேன். தட்டு தாமதமானதையும் மறைக்கவில்லை. மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, காரணத்தை அடித்துவிட்டு 'பசியில்லை என்றார்' என்று மாற்றச் சொன்னார். வழக்கமான நான் என்றால் மாற்றியிருப்பேன். பக்கத்தில் சமையலக்கா நின்றிருந்தார். "தட்டு லேட்டானது என் தப்பு, ஒத்துக்கறேன். அத்த எழுதிக்கோ. மத்தத ஏன் அடிக்கணும்?" என்றார். மாற்றமாட்டேன் என்று நானும் சொன்னேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அத்தனை வருடங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மகன் வரட்டும், அவரே முடிவு செய்யட்டும் என்றார் மேலாளர். இடைப்பட்ட நாள்களில் வேறு வேலைக்கு எங்கே போவது என்று இரண்டு பேருமே யோசித்து வைத்திருந்தோம்.

மகன் வந்தார். மேலாளர் அவரை ஆறாம் அறைக்கு அழைத்துவந்து, என்னையும் நிற்கவைத்து, "சிஸ்டரால உங்களுக்கு இன்னாம்மா கஷ்டம், சொல்லுங்க" என்றார். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அது நல்லாத்தான் பாத்துக்குது. அதுவே ஊட்டட்டும். நீ போன்ல பேசறத வுட்டுட்டு வாரா வாரம் வா."

'அது' என்றுதான் சொன்னார். அவர் இறந்த மார்கழி வரைக்கும் அதற்குமேல் மாறவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, என் பெயரைச் சொல்லி ஒருமுறைகூடக் கூப்பிடவும் இல்லை. ஆனால் அதன்பிறகு என் கையிலிருந்த தட்டை அவர் மறுத்ததே இல்லை. கடைசி நாள்களில் நான் வர நேரமானால், "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்பாராம். மேலாளர் அப்படி ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சமையலக்கா எந்தத் தெரு என்பது எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஒரு காலை நேரத்தில் தன் வேலையைப் பணயம் வைத்து அவர் என் பக்கத்தில் நின்றார். நான் நன்றியோடு இருக்க அது போதும்.

இப்போது வேறொரு இல்லத்தில் நான் பொறுப்பு நர்ஸ். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முகம் வாடி என் மேசைக்கு வந்தாள். ஒரு பெரியவர் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டுத் தட்டைத் தள்ளிவிட்டிருந்தார். அனுசரித்துப் போ என்று நான் சொல்லவில்லை. கூடவே எழுந்து போய், அவளே ஊட்டும்வரை கட்டிலருகே நின்றேன். அரை மணி நேரம் ஆயிற்று. மாலையில் சமையலக்காவுக்குப் போன் செய்தேன். முழங்கால் வலியால் இப்போது வீட்டோடு இருக்கிறார். நான் எப்படி நின்றேன், என்ன பேசினேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் ஒன்றுதான் கேட்டார்:

"அதெல்லாம் சரிடி. அந்தப் பெரியவரு வவுறு நெறய சாப்ட்டாரா, இல்லியா?"