ஜெசிந்தா அக்காவும் உப்பேறிய மோட்டாரும்

பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் ஜெசிந்தா அக்கா இறந்துவிட்ட செய்தி வந்தது. புனேயின் போபோடியில் எங்கள் படகுக் குழுவுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப்பில் அவருடைய மகன் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தான். அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. கொஞ்ச நேரத்தில் அதே குழுவில் யாரோ, நாளை குடிநீர் வராது, தொட்டிகளை நிரப்பி வையுங்கள் என்று ஓர் அறிவிப்பைப் போட்டார்கள். கைகூப்பும் படங்கள் மேலே போய் மறைந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சிவப்புப் பேனாவை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

அக்கா தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்து, வீட்டில் பாத்திரங்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். மூளையில் இரத்தக்கசிவு. அங்கேயே அடக்கம். மகன் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் யாருடைய வெள்ளைச் சட்டையோ ஒரு குடையோதான் தெரிந்தது. அவரைத் தெரிந்த நீங்கள் பலரும் புனேயிலேயே இருந்து, என்னைப் போலவே எதையும் பார்க்காமல் போனவர்கள்தான். ஒரு மாலை வாங்கிப் போடக்கூட இடமில்லாமல் போன எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். அழகாக வராது.

அவரை வங்கி ஊழியராகத் தெரிந்தவர்கள் உண்டு, தேவாலயப் பாடகர் குழுவில் தெரிந்தவர்கள் உண்டு. எனக்கு அவர் மாடிவீட்டு அக்கா. ஆற்றுக்குப் பக்கத்தில் எங்கள் கட்டடம். அணையைத் திறந்தால் பின்சந்துகளில் தண்ணீர் ஏறும். ஒரு மழைக்காலத்தில் பின்சந்துக் குடும்பம் ஒன்று கூரை மேல் ஏறி, மீட்புப் படகுக்காகப் பகல் முழுக்கக் காத்திருந்தது. அதன் பிறகுதான் சந்துக்காரர்கள் சேர்ந்து சொந்தமாகப் படகு வாங்குவது என்று முடிவானது. முனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஷிந்தே முன்னால் நின்றார். கொங்கண் கடற்கரையிலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகும், அதன் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரும் டெம்போவில் வந்து இறங்கின.

மோட்டாருக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கினார்கள். அக்கா வங்கிக்குக் கிளம்பி வந்தவர் கைப்பையோடு நின்று பார்த்தார். எஞ்சின் ஓடும்போது அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னத் தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இழுத்த தண்ணீர் எஞ்சினைச் சுற்றிக் குளிர்வித்து வெளியே வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்று தாரை கொஞ்சம் வந்தது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டார். எல்லோருக்கும் முகம் சுண்டிப்போயிற்று. நல்ல காரியத்தின்போது நிறுத்தலாமா என்று ஷிந்தே மராத்தியில் கேட்டார். அக்கா தாரை வந்த ஓட்டையில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "உள்ள பூரா உப்பு கெட்டிப்போயிக் கெடக்கு, மலரு. கடல்ல ஓட்டிட்டு ஒரு நாளாச்சும் நல்ல தண்ணி விட்டுக் கழுவிருக்க மாட்டான் அந்தப் பய" என்றார்.

அவருடைய அண்ணன் தூத்துக்குடியில் படகு வைத்திருப்பவர். அதனால் அக்காவுக்கு மோட்டாரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எங்கள் சந்தில் ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. அது உண்மையில்லை. வீட்டில் பேசக் கேட்டிருந்தார், அவ்வளவுதான். மீதியை அண்ணனிடம் ஃபோனில் கேட்டும் வீடியோக்களைப் பார்த்தும் தட்டுத்தடுமாறிக் கற்றார். நிறையத் தப்பும் செய்தார். உப்பால் இறுகிப்போயிருந்த போல்ட் ஒன்றை முறுக்கி உடைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூடிக்கு அடியில் கசிவு தடுக்க வைக்கும் கேஸ்கெட்டைக் கிழித்தார். ஃபோனில் அண்ணன் திட்டிய திட்டு, டார்ச் பிடித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அக்கா ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் கையோடு வடா பாவ் ஒன்றை எடுத்துக் கடித்துத் தின்று முடித்தார். பிறகு மறுபடியும் ஸ்பானரை எடுத்தார்.

என் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்கில் போயின. மூடியைக் கழற்றினால், உப்புத்தண்ணீர் கொதித்து வற்றிய பாத்திரம்போல் உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. சுடுதண்ணீரும் வினிகரும் ஊற்றி ஊறவைப்போம். மெல்லிய நைலான் நரம்பை ஓட்டைகளில் விட்டுக் குடைவோம். பஞ்சர் கடையிலிருந்து காற்றடிக்கும் குழாயைக் கொண்டுவந்து எதிர்ப்பக்கமிருந்து ஊதுவோம். பழுப்புச் சேறும் மணலும் உப்புக் கட்டியும் தெறித்து என் நைட்டி முழுக்க ஆகும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "போதுங்க்கா, ஒரு மெக்கானிக்கிட்ட விட்டுறலாமுங்க்கா" என்றேன். கடலே இல்லாத ஊரில் இதற்கு மெக்கானிக் எங்கே இருக்கிறான் என்று என்னையே கேட்டார். உண்மையில் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவரும் ஸ்கூட்டர் மெக்கானிக்குகள். இருவரும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீரை உள்ளே இழுப்பது அடியில் இருக்கும் ஒரு ரப்பர்ச் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். அதைக் கழற்றியபோது அதன் இதழ்கள் சில பிய்ந்துபோயிருந்தன. புதிதாக ஒன்று வரவழைத்து மாட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா கேட்டது வேறு. பிய்ந்த துண்டுகள் எங்கே? ஒன்றிரண்டு குழாயில் அகப்பட்டன. ஒன்று மட்டும் அகப்படவேயில்லை. அது எங்கோ வெளியே விழுந்திருக்கும் என்றேன். "எங்கயும் விழல. போன துண்டு உள்ளதான் இருக்கு. நாம பாக்கலங்கிறதுக்காக அது இல்லாமப் போயிருமா?" என்றார்.

இன்னும் இரண்டு ஞாயிறு கொடுங்கள் என்று குழுவிடம் கேட்டார். கொடுக்கவில்லை. படகைத் துவக்கிவைக்க ஓர் அரசியல் பிரமுகரைக் கூப்பிட்டிருந்தார்கள், பேனர்கூட அடித்தாகிவிட்டது. புது இம்பெல்லரை மாட்டி டிரம்மில் ஓட்டினார்கள். தாரை கம்பிபோல் பீய்ச்சியது. பஸ் ஜாலா, போதும் மேடம், என்றார் ஷிந்தே. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. விழாவன்று மேடையில் அவருக்கும் சால்வை போட்டார்கள். அதை மடித்துக்கூட வைக்காமல் படகுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த ஆவணியில் அணையைத் திறந்தார்கள். காலையிலேயே பின்சந்தில் இடுப்பளவு தண்ணீர். ஷிந்தே மோட்டாரைப் பிடித்துக்கொள்ள, அக்கா பக்கத்தில், நான் முன்னால் மூங்கில் கழியோடு. முதல் நடையில் நாங்கள் ஏற்றியது, எல்லோரும் காக்கா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் முதியவர் காம்ப்ளேயை. மூச்சுத் திணறலுக்காக வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர். கரண்ட் போய்விட்டதால் அது நின்றிருந்தது. மகன் அவரை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பாதி வழியில் தாரை மெலிந்தது. சூடேறினால் அடிக்கும் பீப் ஒலி கேட்டது. ஷிந்தே மோட்டாரை நிறுத்தித் தூக்கினார். தண்ணீர் இழுக்கும் சல்லடையில் ஒரு பிளாஸ்டிக் பை இறுகச் சுற்றியிருந்தது. அக்கா அதைக் கிழித்தெடுத்தார். மறுபடி ஓட்டினால், தாரை நூலாக வந்து நின்றுபோனது. பீப் நிற்கவில்லை. பையைத் தாண்டி உள்ளே வேறு ஏதோ அடைக்கிறது என்று எங்கள் மூவருக்கும் புரிந்தது. ஷிந்தே மறுபடியும் நிறுத்தினார். மேடம், மோட்டாரைக் காப்பாற்றிக்கொள்வோம், கழியாலேயே தள்ளிப் போவோம் என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பணிவை நான் அதுவரை பார்த்ததில்லை. பின்சந்தில் இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஆனால் கழியால் தள்ளினால் எதிர்நீரில் படகு நகரவே இல்லை. காக்காவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

மாதக்கணக்காக அந்த எஞ்சினைத் தடவித் தடவிக் கழுவியவர் அக்கா. ஓட்டாதே என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். ஷிந்தேயிடம், "சாலு கரா" என்றார். ஓட்டுங்கள் என்று. ஷிந்தே தயங்கவும் அவரே கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினார். என்னைப் பார்த்து, "எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது, மலரு. ஆளு இருக்காருல்லா" என்றார்.

எரிந்துதான் போனது. மேட்டுச் சாலைக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே ஏதோ இறுகிய சத்தத்தோடு எஞ்சின் நின்றது. கரையில் இருந்தவர்கள் கயிறு வீசி இழுத்தார்கள். காக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று எங்களால் அடுத்த நடை போக முடியவில்லை. பின்சந்துக்காரர்கள் மத்தியானம் மீட்புப் படகு வரும்வரை மொட்டை மாடிகளில் நனைந்தார்கள்.

நன்றி சொல்ல யாரும் வரவில்லை. குறை சொல்ல வந்தார்கள். வீட்டுச் சாமானை எடுக்க ஏன் திரும்பி வரவில்லை என்று காக்காவின் மகனே கேட்டான். குழுக் கூட்டத்தில், வருஷம் முழுக்க மேடம் பிரித்துப் பிரித்து மாட்டியதால்தான் மோட்டார் கெட்டது என்று ஒருவர் பேசினார். ஷிந்தே தலையைக் குனிந்துகொண்டார். நான் பேச எழுந்தபோது அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தான்தான் ஓட்டச் சொன்னதாகவும் மறுபடி அப்படி நேர்ந்தால் மறுபடியும் சொல்வேன் என்றும் இந்தியில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். படிக்கட்டில் நின்று அழுதார். அழுகை என்று சொல்ல முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கீழே கூப்பிட்டார். எஞ்சின் மறுபடி பிரித்துக் கிடந்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே வளையும் குழாயில், உப்புப் படிவோடு ஒட்டிக்கொண்டு, விரல் நகத்தளவு கறுப்பு ரப்பர். அதைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் கொஞ்சமும் இல்லை. "ரெண்டு ஞாயித்துக்கெழமை கேட்டேன். குடுத்தாங்களா?" என்றார். அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டு மாடியேறிப் போனார். அவர் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போய் வந்ததும் எஞ்சினைச் சரிபண்ணலாம் என்று பேசி வைத்திருந்தோம். அவர் வரவில்லை. எஞ்சினைச் சென்ற வாரம் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள்.

இரங்கல் கூட்டத்தில் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. பொறுமை என்பது அவரிடம் கிடையாது. எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்துபோகும் இடத்தில், இன்னும் முடியவில்லை என்று நிற்கிற கோபம்தான் அவரிடம் இருந்தது. அது அவருக்கு நிம்மதியைத் தந்ததாகவும் நான் பார்க்கவில்லை.

இப்போது நன்கொடையாக வேறொரு மோட்டார் வந்திருக்கிறது. போன ஞாயிறு அதை ஆற்றில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆகாயத்தாமரை வேரும் சேறும் அப்பிய மோட்டாரை அப்படியே பார்க்கிங்கில் சாத்திவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு, அவல் போஹா சாப்பிடக் கிளம்பினார்கள். நான் தெருவில் இறங்கி, இலக்கணமே இல்லாத என் மராத்தியில், ஷிந்தேயின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் யாரிடமும் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. அவர் திரும்பி வந்தார். தண்ணீர்க் குழாயை எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தா அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான். மோட்டாருக்குள்ளேயிருந்து வரும் தண்ணீர் கலங்கல் இல்லாமல் தெளிகிறவரை ஷிந்தேயை அங்கிருந்து நகர விடவில்லை.