சங்குக்குப் பதில் சொன்ன சேவல்

பனி விலகாத காலையில் கம்பெனிச் சங்கு "பூ…ம்" என்று நீளமாக ஊதி முடிந்ததும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு அமைதி இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் அப்பா படுத்திருக்கும் கட்டிலைப் பார்ப்போம். உடனே பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து ஒரு சேவல், சங்கு ஊதிய அதே நீளத்துக்குத் தொண்டை கிழியக் கூவும். சேவல் விடியலுக்குக் கூவும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தச் சேவல் விடியலை மதித்ததே இல்லை. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஷிப்ட் நேரம், ஒரு சங்கு. அத்தனை சங்குக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும். தன்னைவிடப் பெரிய சேவல் ஏதோ எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்திருக்கும் போல.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பாவுக்கு, லாரி உதிரி பாகம் செய்யும் கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் "பிரஸ்" மிஷினில் வேலை. "நைட்டு" முடித்து வந்து பகலில் தூங்கினால்தான் அடுத்த ராத்திரி அந்த மிஷினுக்கு முன்னால் நிற்க முடியும். கண் அசந்த ஒருவருக்கு அதே மிஷினில் இரண்டு விரல் போயிருந்தது. அதனால் அப்பாவின் தூக்கம் எங்கள் வீட்டில் அரிசி பருப்பு மாதிரி, இல்லாவிட்டால் வண்டி ஓடாது. நாங்கள் கிசுகிசுத்தே பேசுவோம், தட்டை ஓசைப்படாமல் வைப்போம், தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுவோம். சேவலுக்கு யார் சொல்வது?

இதில் இன்னொரு கொடுமை, அப்பாவின் பெயர் பேதுரு. இயேசுவைத் தெரியவே தெரியாது என்று பேதுரு மறுதலித்ததும் சேவல் கூவிய கதை வேதத்தில் இருப்பதால், சபையில் அப்பாவைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் வாயெல்லாம் பல். "என்ன பேதுரு, இன்னைக்குக் கூவிச்சா?" என்பது நல விசாரிப்பாகவே ஆகிவிட்டது. மூக்குக்கு மேல் கோபம் வரும் அப்பா, கோயில் வாசல் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

தகரக் கூரை போட்ட எங்கள் சபையில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று கூட்டமும் ஒரே ராகத்தில் அவரவர் மொழியில் பாடும். தெலுங்குக்காரர்கள் மட்டும் எப்போதும் ஒரு அடி தாமதமாக முடிப்பார்கள். பாட்டு முடிந்ததும் "சாட்சி நேரம்". ஆண்டவரால் தனக்குக் கிடைத்த நன்மையை யாராவது எழுந்து நின்று சொல்ல வேண்டும். வியாதி நீங்கினது, வேலை கிடைத்தது, மனதில் சமாதானம் வந்தது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அப்பா மட்டும் எத்தனை வருஷமானாலும் எழுந்ததில்லை. அம்மாவுக்கு இது ஆறாத குறை. அவர் ஒரு நாளாவது எழுந்து நின்று எனக்குச் சமாதானம் உண்டு என்று சொல்லிவிட வேண்டும் என்று அம்மா உபவாசம் இருந்தார்.

அப்பாவின் பதில் ஒன்றுதான்: "ஒறங்காதவனுக்கு என்னத்த சமாதானம், எஸ்தர்? இல்லாதத இருக்குன்னு சொன்னா அது பொய்ச்சாட்சி."

போதகர் ஐயாவும் வீட்டுக்கு வந்து, வெளியே சத்தம் அடங்கினால் வருவதல்ல ஆண்டவர் கொடுக்கும் சமாதானம், அது உள்ளே இருப்பது என்று பொறுமையாக விளக்கினார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஐயா தெருமுனை திரும்பியதும், "அவுக வீட்டுப் பக்கம் சேவல் இல்ல" என்றார்.

சேவலின் சொந்தக்காரர் ரசாக் பாய். சந்தை சந்தையாகப் போய்ப் புளி வியாபாரம் செய்பவர். எங்கள் வீட்டில் குழம்பு வைக்கும் புளியெல்லாம் அவர் சும்மா கொடுத்ததுதான். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் உங்கள் சேவல் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அப்பா உள்ளுக்குள்ளேயே கொதித்தார். சேவலை எடுத்துவிடும்படி தினமும் ஜெபித்தார். அந்த ஜெபத்தில் அன்பு கொஞ்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதலானதைச் சபைக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பூசணி, ராகி, வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பெண்கள் சாக்குப் பையோடு வீடு வீடாகக் காணிக்கை கேட்கக் கிளம்பியபோது அப்பா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைப் பால் போல வைத்துக்கொண்டு, "பாய் வீட்லயும் கேளு. சேவல் கீவல் குடுத்தாலும் வேண்டாங்காத" என்றார்.

பாய் கொடுத்தார். இருந்ததிலேயே நல்லதைக் கொடுத்தார். "சாமி காரியத்துக்குச் சோதாவா குடுப்பாங்களாம்மா? இதுதான் என்கிட்ட இருக்கறதுலயே ராஜா" என்று அவரே அதன் காலைக் கட்டி, சைக்கிளில் வைத்துச் சபைவரைக்கும் கொண்டுவந்து, ஏலம் பார்க்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்தும்விட்டார். அன்றைக்கு அப்பா பாடிய பாட்டு தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஏலத்தில் சேவல் வந்தபோதுதான் சிக்கல். அதன் பெருமை சபை முழுக்கத் தெரியும் என்பதால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சபையில் கோழிக்கூண்டு கிடையாது. ஏலம் போகாத கோழியைக் கொடுத்தவரே திருப்பி எடுத்துப்போக வேண்டும் என்பது வழக்கம். அப்பாவுக்கு வியர்த்தது. நல்லவேளையாகப் பக்கத்து ஊரான பேரிகையிலிருந்து வந்திருந்த சின்னப்பா என்ற தெலுங்கு விவசாயி, அடிமாட்டு விலைக்குக் கேட்டார். ஏலம் விட்ட சபை மூப்பர், "காணிக்கைப் பொருள இந்த வெலைக்கா குடுக்கறது? திருப்பிக் குடுத்துடலாம்" என்றார். அப்பா அவசரமாக ஐந்து ரூபாய் ஏற்றிவிட்டார். ஏற்றினால் சின்னப்பா இன்னும் ஏற்றுவார், மூப்பருக்கும் திருப்தி, சேவலும் பேரிகைக்குப் போய்ச் சேரும் என்பது அவர் போட்ட கணக்கு. சின்னப்பா ஏற்றினார். அப்பா இன்னும் ஏற்றினார். சின்னப்பாவும் விடவில்லை. உற்சாகத்தில் அப்பா எழுந்தே நின்று இன்னொரு தடவை ஏற்றினார்.

சின்னப்பா அப்பாவின் முகத்தை அன்போடு பார்த்தார். அன்றைய பிரசங்கம் பிறருக்கு விட்டுக்கொடுப்பதைப் பற்றி. அதை அவர் கவனமாகக் கேட்டிருந்தார். "போனீ, உடுங்க. சாருக்கு அவ்ளோ ஆசை. அவரே எடுத்துக்கட்டும்" என்று கைகூப்பி உட்கார்ந்துவிட்டார்.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். சபை கைதட்டியது. கடைசி வரிசையிலிருந்து ரசாக் பாய் எழுந்து ஓடிவந்து, எல்லார் முன்னாலும் அப்பாவைக் கட்டிப்பிடித்து, "என் சேவல வெளியூர் போவ உடலயே பேதுருண்ணா! உங்களுக்கு எம்மேல இவ்ளோ பாசம்னு தெரியாமப் போச்சே!" என்று கண்கலங்கினார். மூப்பர் சேவலை அப்பாவின் கையில் கொடுத்தார். அது ஒரு முறை கூவியது.

குழம்பு வைத்துவிடலாம் என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எப்படி முடியும்? மறுநாள் காலையிலேயே பாய் ஒரு படி சோளத்தோடு வந்து, "சின்னதுலருந்தே இதுதான் திங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை நாள் அடுத்த கூரையிலிருந்து கூவியது இப்போது எங்கள் துவைக்கிற கல்லின் மேலிருந்து, அப்பாவின் தலைமாட்டு ஜன்னலுக்கு நேராகக் கூவியது.

அந்த வாரம் அப்பாவுக்கு மறுபடி "நைட்டு". வந்து படுத்தார். சங்கு ஊதியது. சேவல் கூவியது. அம்மாவும் நானும் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா எழுந்தார், வெளியே போனார், ஒரு கைப்பிடி சோளம் இறைத்தார், "சங்குதாம்ல அது, போ, போய்ப் பொழப்பப் பாரு" என்று சேவலிடம் சொல்லிவிட்டு வந்து படுத்தார். அடுத்த சங்குக்கு அது கூவியபோது உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் அப்பா எழுந்தார். அம்மா என் கையை இறுகப் பிடித்தது இன்றைக்கும் வலிக்கிறது. அப்பாவுக்கு மேடைப் பேச்சு வராது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சேவல எடுத்துப்போடும்னு ஆண்டவர்கிட்ட ஜெபம் பண்ணேன். அவரு என் கையிலயே குடுத்துட்டாரு. அது கூவுனதால நான் முழிக்கல. எப்பக் கூவும், எப்பக் கூவும்னு கோவத்துல முழிச்சே கெடந்திருக்கேன். விரல் போயிருமோன்னு பயம் வேற. இப்பப் படுக்கும்போது மிஷினு, விரலு, சேவலு எல்லாத்தயும் அவருகிட்ட ஒப்படைச்சிருதேன். சேவல் வீட்லதான் இருக்கு. சமாதானமும் இருக்கு." உட்கார்ந்துவிட்டார். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு அப்பாவை நினைத்து நெஞ்சு நிறைந்துபோனது. பத்து விரலோடு அவர் பணி ஓய்வு பெற்றார்.

இன்றைக்கு அந்தப் பக்கம் சங்குகள் ஊதுவதில்லை. கம்பெனி வாசல் மிஷினில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது. துவைக்கிற கல் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பாய் குடும்பம் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது. சேவல் வயதாகி, எங்கள் வீட்டிலேயே, தூக்கத்திலேயே செத்தது.

நான் நெடுஞ்சாலையோரம் அடுக்குமாடியில் இருக்கிறேன், சத்தம் வராத கண்ணாடி ஜன்னலோடு. ஆனால் மேல்வீட்டுக் குழந்தை ஒன்று பகலெல்லாம் தடதடவென்று ஓடும். ராத்திரி வேலை முடித்து வந்து பகலில் படுத்தால், எப்போது ஓடும், எப்போது ஓடும் என்று மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதப்போகிறேன் என்று, போன மாதத்திலிருந்து என்னோடு தங்கியிருக்கும் அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன்.

அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். "அந்தப் பிள்ள பேரு என்னம்மா?" என்றார்.

தெரியாது என்றேன். ஒரு டப்பாவில் முறுக்கை எடுத்துக்கொண்டு அவரே படியேறிப் போனார். பீகாரிலிருந்து வந்த குடும்பமாம். அப்பன்காரருக்கு "நைட்டு" வேலையாம். குழந்தையின் பெயர் ரிங்கி. இதை எழுதும்போதும் ரிங்கி ஓடிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து அறையில் அப்பா குறட்டை விடுகிறார், எனக்கும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வருகிறது.